குதிரை வாலைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கா? பூச்சி மருந்துக்கு ஓடறதுக்கு முன்னாடி இதைப் பாத்துருங்க

குதிரை வாலைத் தேய்க்குதுன்னு யாருகிட்ட சொன்னாலும் வர்ற முதல் பதில் "பூச்சி மருந்து குடுங்க, சரியாப் போயிரும்"ங்கறதுதான். அது தப்புன்னு சொல்ல மாட்டேன், பல நேரம் பூச்சியாவும் இருக்கும். ஆனா குதிரைக்கு கை கிடையாது, அதுக்கு இருக்கறது ஒரு சுவரு, ஒரு கம்பம், ஒரு மரம், அவ்ளோதான். பின்பக்கம் எங்க அரிச்சாலும், ஆசனவாய்ல அரிச்சாலும் சரி மடியில அரிச்சாலும் சரி, அது கொண்டுபோய் வைக்கறது வாலோட அடியைத்தான். அதனால வால் முடி போன இடத்தை மட்டும் பாத்துட்டு மருந்து வாங்கினா அது லாட்டரி சீட்டு வாங்கற மாதிரிதான்.

நான் இருக்கறது கோபிசெட்டிபாளையம் பக்கம். கொடிவேரி வாய்க்கால் பாசனம், சுத்தியும் நெல்லு வயல், வருசத்துல பாதி நாள் மண்ணு ஈரமாவே இருக்கும். இந்த ஈரத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேலை இருக்கு. எங்ககிட்ட இருக்கற மார்வாரி பொட்டைக்குதிரை செவலை, அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் தேர்த்திருவிழா சந்தையில புடிச்சது. அந்தச் சந்தையில குதிரை பாக்க வர்ற பாதிப்பேரு நெத்திச் சுழி, கழுத்துச் சுழி, வயித்துச் சுழின்னு விரல் வச்சு எண்ணுவாங்க, காது ரெண்டும் நுனியில தொட்டுக்குதான்னு பாப்பாங்க, வாலைத் தூக்கிப் பாக்கறவங்களை நான் ரொம்பக் கம்மியாத்தான் பாத்துருக்கேன். செவலைக்கு வால் அடியில முடி கொஞ்சம் ஒடிஞ்சு விறைச்சுக்கிட்டு நிக்கறது அப்பவே தெரிஞ்சுது, "வண்டியில வர்றப்ப கம்பியில ஒரசிருச்சுங்க, ஐவர்மெக்டின்னு பூச்சி மருந்து பேஸ்ட்டும் குடுத்தாச்சு"ன்னு வித்தவரு சொன்னாரு. லாரியில ஒரசறதும் நடக்கற விசயந்தான், குதிரை நல்லா இருந்துச்சு, புடிச்சுட்டு வந்துட்டோம்.

வீட்டுக்கு வந்து பழகினதுக்கு அப்பறம் பாத்தா லாயத்து மூலைச் சுவத்துல வாலை வச்சு ஆட்டிக்கிட்டே இருக்கு, சுண்ணாம்பு அந்த உயரத்துல மட்டும் உதிந்து செங்கல் தெரியுது, செங்கல்ல செவப்பு முடி ஒட்டிக்கிட்டு நிக்குது. சரி லாரிக்கதை இல்ல இதுன்னு முடிவாச்சு.

எங்களுக்கு குதிரை வேலை சொல்லிக்குடுத்த பாய் ஒருத்தரு இருக்காரு, வயசானவரு, ஜட்கா ஓட்டின குடும்பம். போன்ல சொன்னதுமே அவரு கேட்ட முதல் கேள்வி, "எப்பத் தம்பி தேய்க்குது? பகல்லயா, பொழுது சாயறப்பயா?"

"எந்நேரமும்தானுங்க பாய்."

"அப்படிச் சொல்லக்கூடாது. ஒரு நாள் முழுக்க உக்காந்து பாத்துட்டுச் சொல்லு. பிடரியத் தேய்க்குதா, வயித்துல அரிக்குதா, அதையும் பாரு. மடியத் தூக்கிப் பாத்தியா?"

மடியப் பாக்கச் சொல்றாரேன்னு எனக்கு அப்ப ஆச்சரியமாத்தான் இருந்துச்சு. இப்ப யாரு கேட்டாலும் நானும் அதைத்தான் முதல்ல சொல்றேன்.

பாக்கற முறையச் சொல்லிடறேன். குதிரைக்கு நேர் பின்னாடி நிக்காதீங்க, எவ்ளோ சாதுவா இருந்தாலும் அரிப்பு இருக்கற எடத்துல கை பட்டா ஒதைக்கும். ஒருத்தர் தலைக்கயித்தப் புடிச்சுக்கணும், நீங்க இடுப்புக்குப் பக்கத்துல ஒடம்பை ஒட்டி நின்னு, ஒரு கையை முதுகுல இருந்து எடுக்காம தடவிக்கிட்டே வந்து, இன்னொரு கையால வாலை மெதுவா பக்கவாட்டுல தூக்கணும். கையுறை போட்டுக்கோங்க. வால் எலும்புக்கு அடியில முடி இல்லாத வழவழப்பான தோல் இருக்குல்ல, அதை முதல்ல பாருங்க. அங்க உண்ணி கடிச்சு உக்காந்துருக்கும், நம்மூர்ல மாடு ஆடு கூட கட்டற குதிரைக்கு இது சர்வசாதாரணம். அப்பறம் ஆசனவாயச் சுத்தி, அப்பறம் ரெண்டு தொடைக்கு நடுவுல, கடைசியா மடி.

குதிரை மடிக்கு காம்பு ரெண்டுதான், ரெண்டு பக்க மடிக்கும் நடுவுல ஒரு மடிப்பு இருக்கும். அந்த மடிப்புக்குள்ள வேர்வையும் தோல் கழிவும் சேந்து கருப்பா, கிரீஸ் மாதிரி ஒரு அழுக்கு பிசுபிசுன்னு அடைஞ்சு காயும். அது அரிக்க ஆரம்பிச்சா பொட்டைக்குதிரை வாலைத்தான் தேய்க்கும். ஆண்குதிரைக்கும் காயடிச்சதுக்கும் குறி உறைக்குள்ள இதே அழுக்கு, சிலதுக்கு குறி நுனியில பீன்ஸ் கொட்டை மாதிரி உருண்டு கெட்டியாவே ஆயிருக்கும், அதை எடுக்கறது டாக்டர் வேலை. மடி அழுக்குக்கு வெதுவெதுப்பான தண்ணியும் மெல்லிசு துணியும் போதும், சோப்பு போட்டுத் தேய்க்காதீங்க, தோல் வறண்டு இன்னும் அரிக்கும். செவலைக்கு மடியில கொஞ்சம் அழுக்கு இருந்துச்சு, எடுத்து விட்டோம், தேய்க்கறது நிக்கல.

ஆனா ஆசனவாயச் சுத்தி ஒரு சமாச்சாரம் கண்ணுல பட்டுச்சு. கோந்து காஞ்ச மாதிரி, வெளிறின மஞ்சளும் சாம்பலும் கலந்த கோடு கோடா ஒரு பொருக்கு. லத்தி காஞ்சு ஒட்டினதுன்னு தொடைச்சுட்டுப் போயிடற மாதிரிதான் இருக்கும், பக்கத்துல போய்ப் பாத்தா லத்தியோட பச்சை நெறம் அதுல இல்ல. பிடரி அருமையா இருக்கு, வயித்துல ஒண்ணும் இல்ல, காது சுத்தமா இருக்கு. தேய்க்கறதுக்கு நேரங்காலமும் இல்ல, மத்தியானம் வெயில்லயும் தேய்க்குது. பாய்கிட்ட இதைச் சொன்னதும் "நூல்புழு தம்பி, டாக்டரைப் பாரு"ன்னுட்டாரு.

டாக்டர் சொன்ன பேரு ஆக்ஸியூரிஸ், குதிரை ஊசிப்புழு. இது பெருங்குடல்ல இருக்கற புழு, பொட்டைப்புழு வெள்ளையா, வால் நூலா நீண்டு, 10 சென்டிமீட்டர் வரைக்கும்கூட வளரும். முட்டைய மத்தப் புழு மாதிரி குடலுக்குள்ள போட்டு லத்தியோட அனுப்பாது, ஆசனவாய் வரைக்கும் வந்து வெளித்தோல்லதான் ஒட்டி வைக்கும், ஒட்டறதுக்கு ஒரு பசை வேற. அந்தப் பசை காய்றப்பதான் அரிப்பு. இதனாலதான் லத்தியை லேபுக்கு அனுப்பினா "புழு முட்டை இல்லை"ன்னு ரிசல்ட் வந்துரும், நாமளும் புழு இல்லைன்னு நம்பி வேற மருந்துக்குப் போயிருவோம்.

இதுக்கு செல்லோடேப் டெஸ்ட்தான். காலையில, கழுவறதுக்கு முன்னாடி, கண்ணாடி மாதிரி இருக்கற டேப்பை ஒரு துண்டு எடுத்து ஒட்டற பக்கம் ஆசனவாயச் சுத்தி அழுத்தி எடுத்து, ஒரு ஸ்லைடுல ஒட்டி டாக்டர்கிட்ட குடுக்கணும். மைக்ராஸ்கோப்ல முட்டை ஒரு பக்கம் கொஞ்சம் தட்டையா, ஒரு முனையில மூடி போட்ட மாதிரி தெரியும். முட்டை தெனமும் இருக்கும்னு இல்லை, அதனால ஒரு தடவை இல்லைன்னு வந்தா விட்றாதீங்க, வேற வேற நாள்ல திரும்ப எடுங்க. செவலைக்கு டேப்ல நல்லாவே தெரிஞ்சுது.

இங்க ஒரு கேள்வி வரும், சந்தையிலயே ஐவர்மெக்டின் குடுத்தாச்சுன்னாரே அப்பறம் எப்படின்னு. டாக்டர் ரெண்டு காரணம் சொன்னாரு. ஒண்ணு, இந்தப் புழு ஐவர்மெக்டினுக்கு அடங்காமப் போறது பல நாட்டுல பதிவாயிருக்கு. இன்னொண்ணு, குதிரை வெயிட்டை கண்ணால பாத்து 250 கிலோன்னு கணக்குப் போட்டு பேஸ்ட் அமுக்கறது. அரைகுறை டோஸ் குடுக்கறது புழுவுக்கு நாமளே ட்ரெயினிங் குடுக்கறதுதான். எடைமேடை இல்லாட்டியும் தையல் டேப் இருந்தாப் போதும். முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்சைச் சுத்தி ஒரு அளவு, தோள்பட்டை முனையில இருந்து பின்தொடை எலும்பு முனை வரைக்கும் நீளம் ஒரு அளவு, ரெண்டும் சென்டிமீட்டர்ல. நெஞ்சளவை நெஞ்சளவாலயே பெருக்கி, நீளத்தால பெருக்கி, 11,880ஆல வகுத்தா கிலோ வந்துரும். நெஞ்சு 160, நீளம் 150ன்னா 323 கிலோ. கண்ணால 250ன்னு சொன்ன குதிரை அது, பாருங்க எவ்ளோ வித்தியாசம்னு.

டாக்டர் ஃபென்பெண்டசோல்ங்கற வேற பூச்சி மருந்து குடுத்தாரு, வெயிட்டுக்கு ஏத்த டோஸ், திரும்ப எப்பன்னும் அவரே எழுதிக் குடுத்தாரு. டோஸை நான் இங்க எழுத மாட்டேன், உங்க குதிரை சினையா, குட்டியா, என்ன வயசுன்னு எனக்குத் தெரியாது. கூட கட்டியிருந்த மட்டக்குதிரைக்கும் சேத்தே குடுக்கணும், ஒண்ணுக்கு மட்டும் குடுத்தா பிரயோஜனம் இல்ல. மாட்டுக்குப் போடற ஐவர்மெக்டின் ஊசியை குதிரைக்குப் போட்டு விடறவங்க இருக்காங்க, போட்ட எடம் வீங்கி சீழ் வச்சு பெரிய ரோதனையாயிரும், அந்த வேலையே வேண்டாம்.

மருந்தைவிட முக்கியம் கழுவறது, நான் பாத்த வரைக்கும் ஆளுங்க கோட்டை விடறதும் இதுலதான். ஒட்டின முட்டை நாலஞ்சு நாள்ல தொத்தற பருவத்துக்கு வந்துரும், அப்பறம் உதிந்து சுவரு, தொட்டி, கயிறு, பிரஷ், தரையில கெடக்கற தீனி எல்லாத்துலயும் போய் ஒட்டும். குதிரை அதை நக்கினா திரும்ப முதல்ல இருந்து, புழு வளந்து முட்டை போட சுமார் அஞ்சு மாசம். அதனால மருந்து குடுத்து நல்லாயிருந்த குதிரை அஞ்சாறு மாசங்கழிச்சு திரும்பத் தேய்க்க ஆரம்பிச்சா மருந்து கம்பெனியத் திட்டறதுக்கு முன்னாடி தீவனத் தொட்டியப் பாருங்க. நாங்க தெனமும் காலையில வெதுவெதுப்பான தண்ணியில பழைய பனியன் துணியை நனைச்சு வாலுக்கு அடியில தொடைச்சு துணியை அடுப்புல போட்டுருவோம். ஸ்பாஞ்சு வேண்டாம், அதே ஸ்பாஞ்சு அடுத்த குதிரைக்குப் போகும், ஏன் அதே குதிரையோட மூஞ்சிக்கே போகும். தேய்ச்ச சுவத்தையும் கொள்ளு வைக்கற தொட்டியையும் கொதிதண்ணி ஊத்தி நார் பிரஷ்ஷால தேச்சுக் கழுவினோம், தீனியத் தரையில போடறதை நிறுத்தி தொட்டியிலயே வச்சோம். லத்தி அன்னன்னைக்கே வெளிய போயிரணும்.

கொஞ்ச நாள்ல தேய்க்கறது நின்னுச்சு. ஒடிஞ்ச முடி முள்ளு மாதிரி நிமிந்து நின்னு அப்பறம் மெல்ல படிய ஆரம்பிச்சுது.

ஐப்பசி மழை புடிச்சதும் திரும்பத் தேய்க்க ஆரம்பிச்சுது பாருங்க. வீட்ல எல்லாரும் அதே மருந்தைத் திரும்பக் குடுக்கலாம்னு சொன்னாங்க. ஆனா இந்தத் தடவை பாயோட கேள்விக்கு பதில் வேற மாதிரி இருந்துச்சு. பகல்ல வெயில் இருந்தா சும்மா நிக்குது, பொழுது சாயற நேரம் வந்ததும் காலைத் தட்டுது, தலையை ஆட்டுது, வேலிக் கம்பத்துல பிடரியக் கொண்டுபோய் வச்சு அறுக்குது, வாலும் தேய்க்குது. அடிவயித்துல நடுக்கோட்டுல பொடிப்பொடியா பொருக்கு. டேப் எடுத்துப் பாத்தாச்சு, ஒண்ணும் இல்ல. நேரமும் மாறிருச்சு, எடமும் மாறிருச்சுன்னா நோயும் வேறதான்.

இது பொடிக்கொசு. கியூலிகாய்ட்ஸ்ங்கறாங்க, 1ல இருந்து 3 மில்லிமீட்டர்தான் இருக்கும், கண்ணுக்குச் சரியாவே தெரியாது. செம்மறி ஆடு வச்சிருக்கறவங்களுக்கு நல்லாப் புரியும், மழைக்காலத்துல ஆட்டுக்கு நீலநாக்கு நோய் பரப்பற அதே கொசுதான். ஈர மண்ணு, சேறு, நனைஞ்ச எருக்குப்பை இதுலதான் பெருகும், எங்க ஊரு அதுக்கு சொர்க்கம். இது கடிக்கறது எல்லாக் குதிரையையும்தான், ஆனா சிலதுக்கு மட்டும் அதோட எச்சில் அலர்ஜி ஆகி ஒடம்பு முழுக்க அரிப்பெடுக்கும். மட்டக்குதிரை பக்கத்துலயே நின்னுச்சு, அதுக்கு ஒண்ணும் இல்ல. அலர்ஜி வம்சத்துலயும் வர்றதால இந்த மாதிரி பொட்டைக்குதிரையை ஆண்குதிரையோட சேக்கணுமான்னு யோசிக்கச் சொன்னாரு டாக்டர்.

அலர்ஜிக்கு மருந்துன்னு பாத்தா ஸ்டீராய்டு ஊசி ஒண்ணு போட்டா மந்திரம் மாதிரி நிக்கும், அதனாலேயே கேட்டு வாங்கிப் போடறவங்க இருக்காங்க. குதிரைக்கு ஸ்டீராய்டால குளம்புக்குள்ள வீக்கம் வந்து நொண்டிப்போற ஆபத்து இருக்கு, லாமினைட்டிஸ்னு சொல்வாங்க, அது வந்தா வால் முடியப் பத்தி யாரும் கவலைப்பட மாட்டீங்க. டாக்டர் தேவைன்னு சொன்னா மட்டும், அவரு கையால மட்டும். எங்களுக்கு கேட்டது மருந்து இல்ல, ஃபேன். இந்தக் கொசு காத்துல பறக்கத் தெம்பில்லாத ஜாதி. பொழுது சாயறதுக்கு முன்னாடியே குதிரையை உள்ள கட்டி, பெரிய பெடஸ்டல் ஃபேனை பின்பக்கம் அடிக்கற மாதிரி வச்சு விடிஞ்சு வெயில் ஏர்ற வரைக்கும் ஓட விட்டோம். ஒயர் குதிரை வாய்க்கு எட்டாம உசரத்துல போகணும், அதுல அலட்சியம் கூடவே கூடாது. சாதாரண கொசுவலை கட்டினா இந்தக் கொசு ஓட்டையில புகுந்து வந்துரும், ரொம்ப நெருக்கமான வலையா வேணும், நாங்க ஜன்னலுக்கு மட்டும் கட்டினோம். எருக்குழிய லாயத்துக்குப் பக்கத்துல இருந்து தோட்டத்துக் கடைசிக்கு மாத்தினோம், தண்ணித்தொட்டி வழிஞ்சு சேறாகற எடத்துல கல்லு போட்டு அடைச்சோம்.

வேப்பெண்ணெயத் தேங்காண்ணெயில கலந்து பிடரி, வால் அடி, வயித்துல சாயந்திரம் தடவறது எங்களுக்கு ஓரளவு கேட்டுச்சு, முதல்ல ஒரு சின்ன எடத்துல தடவி ஒரு நாள் விட்டுப் பாத்துட்டுத் தடவுங்க, சிலதுக்கு எரியும். வேப்பிலை மூட்டம் போடறது நம்ம பழக்கம், தெறந்த வெளியில தூரமா போடுங்க, மூடின லாயத்துக்குள்ள வேண்டாம், குதிரை நெஞ்சு பொகைக்குத் தாங்காது. பெர்மெத்ரின் ஸ்ப்ரே டாக்டர் எழுதிக் குடுத்தா நல்லாக் கேட்கும், ஆனா வீட்ல பூனை இருந்தா பக்கத்துல விடாதீங்க, பூனைக்கு அது விஷம்.

இதை மட்டும் தனியாச் சொல்லணும். மாட்டு உண்ணிக்கு அடிக்கற மருந்துல அமிட்ராஸ் இருக்கறது நெறைய. மாட்டுக்கும் நாய்க்கும் ஆகும், குதிரைக்கு ஆகவே ஆகாது, குடல் ஓட்டம் நின்னு வயித்துவலியில உருண்டு உசுரே போகலாம். பக்கத்துத் தோட்டத்துல மிச்சம் இருந்துச்சுன்னு வாங்கி அடிக்காதீங்க, பாட்டில்ல என்ன எழுதியிருக்குன்னு படிங்க.

பேனும் இருக்கும், அதை மறந்துடாதீங்க. வெள்ளைத் துணியை அடியில புடிச்சு பிடரியையும் வால் அடியையும் பேன்சீப்பால வாரினா ஓடறது தெரியும், எளச்ச குதிரைக்கும் நீள முடி வளந்த குதிரைக்கும் ஜாஸ்தி. மனுசனுக்குத் தொத்தாது. மருந்து போட்டாலும் ஈர், அதான் பேன் முட்டை, தப்பிச்சு பொரிக்கறதால ரெண்டு வாரம் கழிச்சு திரும்பப் போடணும். வட்ட வட்டமா முடி கொட்டி செதில் இருந்தா அது படர்தாமரை, அது நமக்கே தொத்தும், கையுறை இல்லாமத் தொடாதீங்க. கால்ல அதிகமா கடிச்சுக்கிட்டு தரையத் தட்டினா சொறிப்பூச்சியா இருக்கலாம், தோலைச் சுரண்டி எடுத்து டெஸ்ட் பண்ணணும்.

என்ன காரணமா இருந்தாலும் தேய்ச்சு தேய்ச்சு புண்ணாக விட்ராதீங்க. நம்மூர் ஈ முட்டை வச்சு ரெண்டே நாள்ல புழு நெளியும், வாலுக்கு அடியில இருக்கறதால வாடை வர்ற வரைக்கும் யாருக்கும் தெரியாது. கன்னிப்போன தோலா இருக்கறப்பவே உப்புத் தண்ணியில கழுவி காயவச்சு, ஈ உக்காராத களிம்பு டாக்டர்கிட்ட கேட்டு வாங்கித் தடவுங்க. மண்ணெண்ணெய், பழைய என்ஜின் ஆயில் இதெல்லாம் தோலை வேக வச்சுரும். வாலைத் துணி சுத்தி இறுக்கிக் கட்டறதும் வேண்டாம், ரத்த ஓட்டம் நின்னா வாலே போயிரும்.

டாக்டரைக் கூப்பிடறப்ப செல்போன்ல அது தேய்க்கறதை வீடியோ எடுத்து வச்சுக்கோங்க, அவரு வர்ற நேரத்துல குதிரை கோயில் சிலை மாதிரி நிக்கும். எப்ப மருந்து குடுத்தது, என்ன மருந்து, எவ்ளோன்னு எழுதி வச்ச நோட்டும் வேணும். வந்த அன்னிக்கு வாலைக் கழுவி பவுடர் போட்டு நிறுத்தாதீங்க, பாக்க வேண்டியது எல்லாம் தண்ணியில போயிரும்.

செவலைக்கு இப்ப வால் அடியில முடி மூடிருச்சு, நீளம் வர இன்னும் வருசக்கணக்காகும், அது மெல்லத்தான் வளரும். மழைக்காலம் வந்தா ஃபேனை எடுத்து ஓட விட்டுருவோம், டேப் டெஸ்ட் அப்பப்ப எடுக்கறோம். குளிப்பாட்டி விட்டதும் போய் வேப்பமரத்துல ஒரு தேய் தேய்ச்சுட்டு மண்ணுல உருளும், அதுக்கெல்லாம் டாக்டருக்கு போன் போட வேண்டியதில்லைங்க, ஈர ஒடம்போட எந்தக் குதிரையும் அதைத்தான் பண்ணும்.